இடுப்பில் செருகிய துண்டு

அக்டோபர் 13, ஞாயிறு

முப்பத்தொன்றுக்கு மூன்று. தூங்கி எழுந்து பார்த்தாலும் அதேதான்.

அந்த மூன்றும் உதைத்து வாங்கியது. எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தொடர்ந்து மூன்றாவது தோல்வி இது. பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஏழு புள்ளி வாங்குகிற டச்டவுன், மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நாங்கள் போட்டது ஒன்றே ஒன்று, அதுவும் எதிராளி வழுக்கி விழுந்த புண்ணியத்தில். பந்து நம்மிடம் இருக்கும்போது முன்னேற வேண்டிய பதினொரு பேர் நாங்கள். தடுப்பு அணிப் பையன்கள் உயிரைக் கொடுத்துப் பந்தைப் பிடுங்கி வந்து, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் நாங்கள் அதைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறோம். இன்று சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களில் ஒருவன் என் தட்டை எட்டிப் பார்த்து, "நல்லா சாப்பிடு டோபி, நேத்து ரொம்ப உழைச்சிட்ட" என்றான். நான் நூற்று முப்பத்தைந்து கிலோ. தட்டு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். ஆனாலும் பாதியில் எழுந்துவிட்டேன்.

புரியாதது ஒன்றுதான். நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது! எங்கள் அணியின் எறிபவன் டெவ்ரின் பந்தை எறியப் போகிறான் என்றால் அவர்கள் ஏற்கெனவே பின்னால் போய் நிற்கிறார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறோம் என்றால் நடுவில் வந்து குவிந்துவிடுகிறார்கள். எப்படி?

என் எதிரே நின்ற தொண்ணூற்றொன்பதாம் எண் குண்டன் ஆட்டம் முழுக்க வாயை மூடவில்லை. "உங்க ஊர்ல சோளம் மட்டும்தான் விளையுமா, ஆட்டம் விளையாதா?" என்கிறான். "கை காஞ்சுதா தம்பி?" என்கிறான். "அம்மா வந்திருக்காங்களா, கண்ணைப் பொத்திக்கச் சொல்லு" என்கிறான். வாய்க்கு ஒரு பூட்டு போடவேண்டும் அவனுக்கு.

அக்டோபர் 14, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு சனிக்கிழமை ஆட்டத்தின் படம் பார்த்தோம். தாக்குதல் கோச் டில்மன் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டே ஓட்டினார். அவருடைய முறை எல்லாருக்கும் தெரியும்: முன்வரிசை நடுவில் குனிந்து பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் அனுப்புகிறவன் நான்; அது என் கையை விட்டுக் கிளம்பும் நொடியிலிருந்துதான் படம் தொடங்கும். அதற்கு முன் நாங்கள் நடந்து வருவது, குனிவது, மூச்சு விடுவது எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடச் சொல்லிவிடுவார். "நீங்க நடந்து வர்ற அழகைப் பாக்கவாடா எனக்குச் சம்பளம்?" என்பார். அறுபது முயற்சியை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்.

இன்று முடித்துவிட்டு விளக்கைப் போட்டார். டெவ்ரினைப் பார்த்தார்.

"உன் கண்ணு எங்க போகுதோ அங்கதான் பந்தும் போகுது. அது ஊருக்கே தெரியுது. ஓஸ்கார்ட் ஆட்டத்துக்கு ஆஷர் ஆடுவான்."

ஆஷர் முதலாண்டுப் பையன். மீசை முளைப்பதற்கு இன்னும் அனுமதி கிடைக்காதவன். அவனே பயந்து போய்த் தலையைக் குனிந்துகொண்டான். டெவ்ரின் "சரி கோச்" என்றான். அவ்வளவுதான்.

டெவ்ரின் பூன் என் அறைத்தோழன். குவார்ட்டர்பேக், அதாவது நான் அனுப்புகிற பந்தை வாங்கி எறிகிறவன், இல்லை ஓடக் கொடுக்கிறவன். முழங்காலை இரண்டு முறை அறுத்துத் தைத்து, ஐந்தாவது வருஷமும் திரும்பி வந்தவன். அவன் வந்ததே எங்கள் பரம்பரை எதிரிக் கல்லூரியான ஓஸ்கார்டோடு ஆடுகிற ஆட்டத்துக்காக. பன்னிரண்டு நாளில் ஓஸ்கார்ட்! ஜெயிக்கிற கல்லூரிக்கு அந்தப் பழைய பால் கேன் போகும். தோற்ற அணியின் முன்வரிசைக்காரர்கள் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மைதானத்தின் குறுக்கே தூக்கிக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். நாங்கள்தான் வழக்கமாகத் தேய்ப்போம். மூன்று வருஷமாக நான் தேய்த்திருக்கிறேன். அதன் வயிற்றில் எந்த இடத்தில் நசுங்கல் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

டெவ்ரின் காலையில் முட்டை பொரித்தான். எனக்கு நாலு, அவனுக்கு நாலு. எப்போதும் போல. உப்பை மட்டும் இரண்டு முறை போட்டுவிட்டான்.

அக்டோபர் 16, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் அம்மா போன் செய்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து, கையில் மாவு காயும் முன்பே கூப்பிட்டிருக்கிறாள். இன்று இறைச்சிக் குழம்பான சில்லியும் பட்டை தூவிய இனிப்புச் சுருளான சினமன் ரோலும் போடுகிற நாள், முந்நூறு ரோல் உருட்டினாளாம். என்னைத் தேற்றத்தான் கூப்பிட்டாள். அவளுக்குத் தேற்றத் தெரியாது, அது வேறு விஷயம்.

"நீ நல்லாத்தான் ஆடற. எனக்கு ஒரு தடவைகூடத் தப்பல."

"என்ன தப்பல?"

"பாஸா, ரன்னான்னு. எறியப் போறீங்களா, ஓடப் போறீங்களான்னு. எங்க வரிசையில எல்லாருக்கும் நான்தான் முன்னாடியே சொல்வேன். பக்கத்துல உக்கார்ற லோரேன் என்னை ஜோசியக்காரின்னே கூப்பிடறா."

நான் சிரித்தேன். சிரித்தேனே! "எப்படிம்மா சொல்ற?"

"இதுல என்ன இருக்கு? நீ குனியறதுக்கு முன்னாடி இடுப்புத் துண்டுல கையைத் துடைச்சா பாஸ். துடைக்கலைன்னா ரன். அந்த மழை ஆட்டத்துக்கு அப்புறம் நீ அப்படித்தானே? உங்க கோச் சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் அவள் அப்பாவின் அறுவடை இயந்திரம் பற்றி ஏதோ சொன்னாள். ஒன்றும் காதில் விழவில்லை.

கை காஞ்சுதா தம்பி.

ஐயோ.

அக்டோபர் 17, வியாழன்

படம் வெட்டுகிற பையனிடம் வெட்டாத படம் கேட்டேன். "எதுக்கு?" என்றான். என் காலடியைப் பார்க்கவேண்டும் என்று பொய் சொன்னேன். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

மூன்று ஆட்டம். தொண்ணூற்று நாலு பாஸ். தொண்ணூற்று ஒன்றில் துடைத்திருக்கிறேன். எண்பத்தொரு ஓட்டம். இரண்டே இரண்டில் துடைத்திருக்கிறேன். கடைசி ஆட்டத்தில் நான் துண்டைத் தொட்டதுமே தொண்ணூற்றொன்பதாம் எண் குண்டன் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் விரலை ஆட்டுகிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் பின்வாங்குகிறார்கள். எவ்வளவு தெளிவு! நடுவர் விசில் ஊதியது போல!

இரண்டாம் ஆண்டில் அந்த மழை ஆட்டத்தில் நான் பின்னால் விட்ட பந்து நழுவி, டெவ்ரின் தலைக்கு மேலே பறந்து போய்த் தோற்றோம். ஓட்டம் என்றால் டெவ்ரின் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், கொஞ்சம் கோணலாகப் போனாலும் பிடித்துவிடுவான். பாஸ் என்றால் அவன் கண் தூரத்தில் இருக்கும், பந்து நேராக அவன் நெஞ்சுக்குப் போகவேண்டும். அதனால்தான் துடைத்திருக்கிறேன் போல. எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

எங்கள் படத்தில் இது தெரியவே தெரியாது. நான் துடைக்கிற அந்த ஐந்து நொடியைத்தான் கோச் வெட்டி எறிகிறாரே. விதிப்படி மற்ற கல்லூரிகளுக்கு நாங்கள் அனுப்புவதோ வெட்டாத படம். அவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள்.

டெவ்ரினின் கண் இல்லை. என் கை.

சொல்லவேண்டும். இன்றே சொல்லவேண்டும். சொன்னால் என் இடத்தில் நாளைக்கே மாற்று ஆட்டக்காரன் பெக்கெட் குனிவான். இது என் கடைசி வருஷமும்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

சொல்லவில்லை.

மைதானத்தில் டெவ்ரின் அந்தப் பையன் ஆஷருக்குப் பந்தைப் பிடிக்கும் விதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு, பொறுமையாக. "அவசரப்படாத. டோபி பந்தை நேரா நெஞ்சுக்கு அனுப்புவான், கையை நீட்டினாப் போதும். அவனை நம்பு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அங்கேயே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நான் கோழை. நூற்று முப்பத்தைந்து கிலோ கோழை.

அக்டோபர் 19, சனி

இந்த வாரம் ஆட்டம் இல்லை. அப்பாவுக்குச் சோள அறுவடையில் கை போதவில்லை என்று டெவ்ரினையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். அம்மா கசகசா வைத்த இனிப்பு பன்னான கொலாச்சி ஒரு தட்டு நிறையச் சுட்டு வைத்திருந்தாள். அவன் ஆறு தின்றான்.

சாயங்காலம் சோள லாரியில் நானும் அவனும் மட்டும். வயல் ஓரத்தில் நிறுத்தினேன். சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், முன்னுரை இல்லாமல், துண்டு, மழை ஆட்டம், அம்மா, தொண்ணூற்று நாலில் தொண்ணூற்று ஒன்று, எல்லாம்.

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"இன்னைக்குச் சனி."

"ஆமா."

"மூணு வாரமா என்னை எல்லாரும் தூக்கித் தூக்கிப் போட்டானுங்க. எழுந்திருக்கறப்ப எல்லாம் நீதான் கை குடுத்த. அந்தக் கைதானா?"

கதவைத் திறந்து இறங்கி நடந்துவிட்டான். அறுத்த சோளத் தட்டைகளுக்கு நடுவே, அந்த முழங்காலோடு. நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? லாரியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஏறினான். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. குளிரா, என்னவோ.

"உங்கம்மா கேலரியில உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"ரெண்டு வருஷமாத் தெரியுமாம். கோச் சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சாங்களாம்."

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஜோசியக்காரி!" என்று டேஷ்போர்டில் குத்திக் குத்திச் சிரித்தான். எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பா தூரத்திலிருந்து இயந்திரத்தை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"ஓட்டு" என்றான் டெவ்ரின். "நாளைக்கு கோச் வீட்டுக்குப் போறோம். நீ பேசற. நான் வேடிக்கை பாக்கறேன்."

அக்டோபர் 20, ஞாயிறு

உறைபனிக்கு முன்பு கோச் டில்மன் பின்புறத் தோட்டத்தில் தக்காளிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் மண்ணில், தலையில் கல்லூரித் தொப்பி. நான் நின்றபடியே சொன்னேன். பாதியில் அவர் கை நின்றுவிட்டது. வெட்டாத படத்தை போனில் காட்டினேன். ஒரு பாஸ், துடைத்தேன். ஒரு ஓட்டம், துடைக்கவில்லை. இன்னொரு பாஸ், துடைத்தேன்.

அவர் முகம் தக்காளி நிறத்துக்கு வந்தது. பெக்கெட் என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த அஞ்சு நொடியை வெட்டச் சொன்னது யாரு?" என்றார்.

அவரே, "நான்தான்" என்றார். தொப்பியைக் கழற்றி டெவ்ரினைப் பார்த்தார். "எல்லார் முன்னாடியும் உன் கண்ணைக் குறை சொன்னேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் திருப்பி வாங்கிக்கறேன். ஓஸ்கார்டுக்கு நீதான் ஆடற." அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்கம்மாவுக்கு வேலை எதுவும் வேணுமான்னு கேளு. எனக்கு மேல சம்பளம் குடுக்கச் சொல்றேன்."

"நான் இனிமே துடைக்கவே மாட்டேன் கோச். துண்டையே தூக்கிப் போட்டுடறேன்."

"போட்டியோ, கொன்னுடுவேன்!"

கையிலிருந்த செடியை வீசிவிட்டு எழுந்தார். அவர் கண் பளபளவென்று ஆகிவிட்டது. அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"டேய், அவனுங்க அந்தத் துண்டைப் பாத்துத்தானே ஆடறானுங்க? ஆடட்டும். முதல் பாதி முழுக்க எப்பவும் போலத் துடை. நல்லா நம்பட்டும். ரெண்டாவது பாதியில தலைகீழாத் துடை!"

நாங்கள் மூன்று பேரும் தக்காளிக் குப்பைக்கு நடுவே நின்று சின்னப் பிள்ளைகள் போல் குதித்தோம். நான் குதித்த இடத்தில் பாத்தி ஒன்று அமுங்கிவிட்டது.

போகும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "யார்கிட்டயும் மூச்சு விடாத. முக்கியமா உங்கம்மாகிட்ட. அவங்க வழக்கம்போலக் கத்தட்டும்."

அக்டோபர் 21, திங்கள்

எல்லார் முன்னாலும் டில்மன் டெவ்ரினிடம் மன்னிப்புக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. "நான் பாத்த படத்துல பாதி இல்ல" என்று மட்டும் சொன்னார். ஆஷர்தான் முதலில் கை தட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்டோபர் 22, செவ்வாய்

முடியவில்லை! கை கேட்கமாட்டேன் என்கிறது! ஓட்டத்துக்குத் துடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறேன், குனிகிறேன், துடைக்கவில்லை. பாஸ் என்று காதில் விழுந்ததும் கை தானாகப் போய்த் துண்டைப் பிடிக்கிறது. இது யார் கை?

இன்னும் மோசம் ஒன்று. மறந்துவிட்டுப் பந்தைத் தொட்டு, அப்புறம் ஞாபகம் வந்து கையை எடுத்துத் துடைக்கிறேன். பந்தைத் தொட்ட பிறகு கை அசைந்தால் நடுவர் கொடி வீசிவிடுவார், ஐந்து கஜம் பின்னால் போகவேண்டும். இன்று மட்டும் ஏழு முறை. டில்மன் விதைப் பொட்டலத்தையே தரையில் அடித்தார்.

அக்டோபர் 23, புதன்

காலை உணவில் டெவ்ரின் திடீரென்று "ரன்!" என்று கத்துவான். நான் முட்டையை விட்டுவிட்டு இடுப்பில் கையைத் துடைக்கவேண்டும். "பாஸ்!" என்றால் துடைக்காமல் தின்னவேண்டும். வகுப்புக்குப் போகும் வழியில், மாடிப்படியில், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு! என் நாலு ஜீன்ஸிலும் வலது தொடையில் முட்டைக் கறை.

வேலை செய்கிறது. மாலையில் இருபதுக்குப் பதினெட்டு சரி!

அக்டோபர் 24, வியாழன்

இருபதுக்கு இருபது. இருபதுக்கு இருபது!

அக்டோபர் 25, வெள்ளி

அம்மா போன். நாளைக்கு அவளோடு பதினெட்டு பேர் வருகிறார்களாம். அப்பாவும்! அறுவடையை நிறுத்திவிட்டு! ஓஸ்கார்டில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய சித்தி மகள் குடும்பமும் பக்கத்திலேயே உட்காரப் போகிறதாம். "அவளுக்கு நான் பாஸ், ரன்னு சொல்லிச் சொல்லியே வெறுப்பேத்தப் போறேன்" என்றாள்.

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கு அந்த ஜோசியம்தானே சந்தோஷம். "சத்தமாச் சொல்லும்மா" என்று மட்டும் சொன்னேன்.

தூக்கம் வராது. பரவாயில்லை.

அக்டோபர் 26, சனி

விரல் வீங்கிப் போய் இருக்கிறது, ஆனாலும் எழுதியே ஆகவேண்டும்!

முதல் பாதி: நான் ஒழுங்காக, பழையபடி, பாஸுக்குத் துடைத்தேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது! முதல் முயற்சியிலேயே என் எதிரே நின்ற தாடிக்காரன் துண்டைத்தான் பார்த்தான், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டெவ்ரினை நாலு முறை தரையில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து, என் காதில், "நம்பிட்டானுங்க" என்றான். உதட்டில் ரத்தத்தோடு சிரித்தான். இப்படி ஒரு அடியைத் தெரிந்தே வாங்கிக்கொள்ள யாரால் முடியும்?

இடைவேளையில் 0–14. தடுப்பு அணிப் பையன்கள் எங்களை முறைத்தார்கள். அவர்களுக்கும் சொல்லவில்லை. டில்மன் என் பக்கம் வந்து, தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். அதுதான் அடையாளம்.

இரண்டாம் பாதி, முதல் முயற்சி. ஓட்டம். துடைத்தேன்.

தாடிக்காரன் "பாஸ்!" என்று கத்தினான். மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடியது. நடுவில் ஆளே இல்லை! ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு இடம். இருபத்திரண்டு கஜம்! அடுத்தது பாஸ். துடைக்கவில்லை. எல்லாரும் நடுவில் வந்து குவிந்தார்கள், டெவ்ரின் அவர்கள் தலைக்கு மேலே எறிந்தான். டச்டவுன்! 7–14. மூன்று வாரம் பட்டினி கிடந்துவிட்டு இரண்டே வாயில் விருந்து. நான் தாடிக்காரனைக் கட்டிப் பிடித்திருப்பேன்.

அப்புறம் நான் கெடுத்தேன். அடுத்த முறை அவர்கள் கோட்டுக்கு ஆறு கஜத்தில் இருந்தோம். சந்தோஷத்தில் மறந்துபோய்ப் பந்தைத் தொட்டுவிட்டேன், தொட்ட பிறகு துடைத்தேன். மஞ்சள் கொடி. நடுவர் அங்கேயே நிறுத்திவிட்டார், ஐந்து கஜம் பின்னால். கடைசியில் உதைத்து மூன்று வாங்கினோம். 10–14. நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டெவ்ரின் வந்து என் ஹெல்மெட்டில் தட்டினான். "விடு மச்சான். கையைத் துடைச்சுக்கோ" என்றான். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குள் ஓஸ்கார்ட்காரர்களுக்கு ஏதோ தப்பு என்று பட்டுவிட்டது. அவர்கள் கோச் ஓரத்தில் நின்று, "துண்டைப் பாக்காதீங்க! துண்டைப் பாக்காதீங்கடா!" என்று கத்தினார். பார்க்காதே என்றால் எப்படிப் பார்க்காமல் இருப்பது?

ஒரு நிமிடம் ஒன்பது நொடி மிச்சம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் போகவேண்டும்; இது நாலாவது, இன்னும் இரண்டு கஜம் பாக்கி. தவறினால் பந்து அவர்களுக்கு, அவ்வளவுதான். பால் கேனுக்கு நாலாவது வருஷமும் நான் பாலிஷ் போடவேண்டும். டில்மன் ஓட்டம் என்று சைகை காட்டினார். டெவ்ரினே தூக்கிக்கொண்டு ஓடவேண்டும், அந்த முழங்காலோடு.

நான் நடந்து போனேன். துடைத்தேன். நின்றேன். யோசித்தது போல இன்னொரு முறை துடைத்தேன், இந்த முறை இடது கையை. அப்புறம் தாடிக்காரனைப் பார்த்து ஒரு சிரிப்பு.

"பாஸ்!" என்றான் அவன். பின்னால் ஒருவன், "இல்லடா, ரன்!" என்றான். "பாஸ்டா!" "அவன்தான் மாத்தி மாத்தித் துடைக்கறானே!" அவர்கள் சண்டை முடிவதற்குள் பந்து கிளம்பிவிட்டது. நான் தாடிக்காரனை நெஞ்சில் முட்டி இரண்டு கஜம் தள்ளிக்கொண்டே போனேன், அப்போது என் தோளை உரசிக்கொண்டு ஒரு நிழல் போனது. டெவ்ரின்! நான் விழுந்து கிடந்தபடியே பார்த்தேன். நொண்டி நொண்டி ஓடுகிறான், துரத்துகிறார்கள், நொண்டிக்கொண்டே ஓடுகிறான்... முப்பத்தெட்டு கஜம்!

17–14! பதினேழுக்குப் பதினாலு!

பால் கேனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே வந்த தாடிக்காரன் அதை என் கையில் கொடுத்தான். அவர்களே தேய்த்திருந்தார்கள். "துண்டு எவ்வளவுக்கு வாங்கின?" என்று கேட்டான். நல்லவன்தான் போலிருக்கிறது. நசுங்கல் அதே இடத்தில் இருந்தது. முத்தம் கொடுத்தேன்.

அம்மா இறங்கி வந்தாள். கட்டிக்கொண்டாள். அப்பா கேனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அம்மா மட்டும் ஒரு மாதிரி பார்த்தாள்.

"நீ கையைத் துடைச்ச" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் பாஸுன்னு கத்தினேன். பதினெட்டு பேர் முன்னாடி. அந்த ஓஸ்கார்ட்காரி என்னைப் பாத்துச் சிரிச்சா. ரெண்டாவது பாதி முழுக்க எனக்குத் தப்பாவே போச்சு."

சொல்லவேண்டியதைச் சொன்னேன். கோச், தக்காளித் தோட்டம், எல்லாம். அவள் தலையை ஆட்டினாள். சிரித்தாள்தான். ஆனால் காருக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

தடுப்பு அணிப் பையன்கள் எங்கள் மேசையில் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை. ஒருவன் தன் ரொட்டியை என் தட்டில் வைத்தான். தின்றேன்.

அம்மா இன்னும் போன் செய்யவில்லை.

அக்டோபர் 30, புதன்

நானே கூப்பிட்டேன். சமையலறைச் சத்தம் கேட்டது. "வேலையா இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்றாள். கோபம் இல்லை. ஆனால் அப்புறம் பேசவில்லை.

ஜெயித்த சந்தோஷம் குறையவில்லை, பொய் சொல்லக்கூடாது. இப்போதும் கண்ணை மூடினால் அந்த முப்பத்தெட்டு கஜம்தான். ஆனாலும் அவளிடம் இருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேனோ என்று ஒரு உறுத்தல்.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்று வெளியூரில் தோற்றோம். முப்பத்தெட்டுக்கு முப்பத்தைந்து. முப்பத்தைந்து போட்டுத் தோற்பது வேறு மாதிரியான தோல்வி. பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தோம், தடுப்பு அணிப் பையன்கள் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "நல்லா சாப்பிடுங்கடா, நேத்து ரொம்ப உழைச்சிட்டீங்க" என்று இன்று காலையில் நான் சொன்னேன். எவ்வளவு நாள் காத்திருந்தேன்!

இனிமேல் பாஸோ ரன்னோ, எல்லா முயற்சிக்கும் துடைக்கவேண்டும் என்று டில்மன் உத்தரவு. படத்தை வெட்டுவதும் நின்றுவிட்டது. இன்று காலையிலேயே எங்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, நேற்று நாங்கள் நடந்து வந்த அழகைப் பார்த்தார்.

மதியம் அம்மா கூப்பிட்டாள். நேற்று அவ்வளவு தூரம் வந்திருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அப்பா அவசரப்படுத்திக் கிளம்பிவிட்டாராம்.

"நேத்து நான் யாருக்கும் எதுவும் சொல்லல" என்றாள். "எல்லாரையும் போலச் சும்மா பந்தைப் பாத்தேன். டெவ்ரின் என்னமா எறியறான்டா! எப்பவும் இப்படித்தான் எறிவானா?"

"எப்பவும் இப்படித்தான்மா."

"நாலு வருஷமா வர்றேன், நான் பாத்ததே இல்லையே. எல்லாரும் எழுந்திருச்சாத்தான் நானும் எழுந்திருப்பேன். என் கண்ணு உன்மேலயேதானே இருக்கும்." பாத்திரம் ஒன்றைக் கழுவி வைக்கிற சத்தம் கேட்டது. "இனிமே பந்தைத்தான் பாக்கப் போறேன். அதுதான் நல்லா இருக்கு."

சரிம்மா என்றேன்.

"சரி, வைக்கறேன், அடுப்புல வேலை இருக்கு. ஆமா, ரெண்டாவது பாதியிலேர்ந்து இடது கால்ல பாரம் போடாமயே குனிஞ்சியே, கணுக்காலா? ஐஸ் வெச்சியா?"

டெவ்ரினுக்குத் தெரியாது. டில்மனுக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரப் படத்திலும் யார் கண்ணிலும் படவில்லை.

வெச்சிருக்கேம்மா என்றேன். வைத்திருக்கவில்லை. இப்போதுதான் எழுந்து போய் எடுத்து வந்தேன்.